விதைப்புக்கு முதல் கடன் வேணும், கூட்டுறவுக் கடன் சங்கங்கள இயங்க வையுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

தம்பலகாமம், மூதூர், வெருகல் பக்கம் ரெண்டு மூண்டு ஏக்கர் வயல் செய்யிற ஆக்கள் பெரும்போகம் தொடங்க முதலே காசுக்கு அலையினம், பேங்குக்கு போனா காணி உறுதி கொண்டா பிணைக்கு ஆள் கொண்டா எண்டு கேப்பினம், உறுதி இல்லாம அரசாங்க பெர்மிட்டில இருக்கிற காணிக்காரரும் குத்தகைக்கு செய்யிறவையும் எங்க போறது? கடைசியில வீட்டுப் பொம்பிளையளின்ர நகை அடகுக்கு போகுது, இல்லாட்டி கிழமைக்கு கிழமை வாசல்ல வந்து நிக்கிற நுண்கடன் கம்பெனிதான். நெல்லுக்காசு அறுவடைக்கு பிறகுதானே வரும், கிழமைக்கட்டு எதால கட்டுறது? இத ஏன் ஒருத்தரும் யோசிக்கினம் இல்ல.

சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் எங்களுக்கு புதுசில்ல, இலங்கையில 1911ல கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த காலத்தில இருந்து இருக்கிற முறை. ஊராக்களின்ர சேமிப்புத்தான் கடன் குடுக்கிற மூலதனம், ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சவையே பிணை, கட்டுற தவணைய போகத்துக்கு ஏத்த மாதிரி வைக்கலாம், வட்டியால வாற லாபமும் ஊருக்குள்ளயே நிக்கும். யுத்தம், இடப்பெயர்வு எண்டு எங்கட பக்கம் சங்கங்கள் படுத்துப்போச்சு, சேமிச்ச சனத்துக்கு நம்பிக்கையும் போச்சு.

கிழக்கு மாகாண கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம் சங்கங்களின்ர பழைய கணக்குகள பாத்து சனத்துக்கு முன்னால வாசிக்கோணும், குத்தகைக்காரரையும் பொம்பிளையளையும் உறுப்பினரா சேக்கோணும். வாற பெரும்போக விதைப்புக்கு முதல் இத தொடங்குங்கோ.

ஒரு விவசாயியின் மகள்,
திருகோணமலை