ஒன்பதேகால் வரை எங்கே இருந்தேன்

திருப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அம்மிணிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறமாட்டேன் என்கிறார்.

இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்ததும் நீ "ம்... ம்..." என்றபடி கீபோர்டைத் தட்டுவது எனக்குக் கேட்கிறது. 26 வருஷம் ஓவர்லாக் தையல் மெஷின் சத்தத்துக்குள் உட்கார்ந்து கதை பேசினவள் நான். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று என் காதுக்குத் தெரியும். அதனால்தான் உன் பழைய காலேஜ் நோட்டில் எழுதுகிறேன். அப்பா போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார். சாவகாசமாகப் படி.

புதன்கிழமை ராத்திரி பத்தேமுக்காலுக்கு நான் கூப்பிட்டபோது நீ இன்னும் ஆபீசில் இருந்தாய். சாப்பிட்டாயா என்றேன். "ஒன்பதுக்கு மேல இருந்தா கம்பெனியே வாங்கித் தருதும்மா, பிரியாணி" என்றாய். அந்த நேரத்துக்குத் தனியாகக் காசு உண்டா என்றேன். "அப்படியெல்லாம் இல்லைம்மா, அப்ரைசல்ல பார்ப்பாங்க" என்றாய். தினமுமா இப்படி என்று கேட்டதற்குச் சிரித்தாய். "நீ மட்டும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கலையா? உன் பொண்ணுதானே நான்!"

பெருமையாகத்தான் சொன்னாய். எனக்கும் அந்த நிமிஷம் மனசு குளிர்ந்துபோயிற்று. அப்புறம் படுத்தால் தூக்கம் வரவில்லை. இவள் எதை எதோடு சேர்க்கிறாள் என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

ஒன்றரை ஷிப்ட் உனக்குத் தெரியாததல்ல. ஆனால் நீ அதைப் பார்த்தது வீட்டு வாசலில் நின்று. உள்ளே இருந்தவள் நான் சொல்கிறேன். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட், ராத்திரி எட்டரைக்கு ஒன்றரை, ஒரு மணிக்கு ரெண்டு. ஷிப்மெண்ட் நெருங்கினால் புல் நைட். இன்றைக்கு இருக்க முடியுமா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். நாலு மணி டீக்கு சூப்பர்வைசர் வந்து "இன்னைக்கு ஒன்றரை" என்று சொல்லிவிட்டுப் போவார், அவ்வளவுதான். முடியாது என்று ஐந்தரைக்குக் கிளம்பினவளுக்கு அடுத்த நாள் மெஷின் காலி இருக்காது.

அவர்கள் மேலேயே எல்லாப் பழியையும் போட்டால் அதுவும் பொய்யாகிவிடும். நாங்களும் அதைக் கேட்டு வாங்கினோம். ஆர்டர் இல்லாத மாதத்தில் வாரத்துக்கு மூணு நாள்தான் வேலை இருக்கும். சனிக்கிழமைச் சம்பளக் கவரைத் தொட்டாலே தெரியும், உள்ளே ஒன்றுமில்லை என்று. அதனால் சீசன் வந்ததும் கிடைக்கிற அரை ஷிப்டை எல்லாம் அள்ளிக்கொள்வோம். ஒரு ஷிப்ட் காசு வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போய்விடும். அந்த அரைதான் உன் ஸ்கூல் பீஸ், மாதச் சீட்டு, தீபாவளித் துணி. நம் வீட்டுக் காலண்டரில் தேதிக்குக் கீழே பென்சிலால் 1, 1½, 2 என்று குறித்து வைப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ அதைப் பார்த்துத்தான் பின்னக் கணக்கு கற்றுக்கொண்டாய் என்று அப்பா எல்லாரிடமும் சொல்வார். அந்த அரைக்கு உழைப்பின் மேல் ஆசை என்று பெயர் வைக்காதே, கண்ணு. அது உன் ஸ்கூல் பீஸ்.

அதிலும் முழுசாகக் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 59-ஆம் பிரிவில், ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு ரெண்டு மடங்கு சம்பளம் என்று இருந்தது. சங்கத்துக்காரர் ஒருவர் கேட் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எங்கள் லைனில் பாதிப் பேர் நம்பவில்லை. எங்களுக்கு அரைக்கு அரைதான், ரெட்டிப்பெல்லாம் இல்லை. ராத்திரி ஏழுக்கு மேல் பொம்பளைகளை பேக்டரியில் வேலை வாங்கக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருந்தது. அந்தப் பிரிவு செல்லாது என்று 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. செல்லும்போதும் எட்டரை வரை தைத்தோம், செல்லாதபோதும் எட்டரை வரை தைத்தோம். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆட்கள், எல்லாம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்க ஆடிட்டுக்கு வருகிற வாரம் மட்டும் டாண் என்று ஐந்தரைக்கு மணி அடிக்கும். அந்த வாரம் காசு குறையுமே என்ற கவலை எங்களுக்கு.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியது. என்னோடு வேலை பார்த்த தேனிக்கார அக்கா அன்றைக்கு எனக்குப் போன் போட்டு, "என்னமோ பன்னெண்டு மணி நேரம் புதுசா வருதாம்டி" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லாச் சங்கமும் எதிர்த்து, மே முதல் தேதி வாபஸ் என்று அறிவித்தார்கள். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் 1923-இல் முதல் மே தினம் கொண்டாடி அன்றைக்குச் சரியாக நூறு வருஷம். அடுத்த வருஷமே உங்கள் பெங்களூரில் ஐ.டி. ஆட்களுக்கு 14 மணி நேரம் என்று பேச்சு வந்ததே, நீ கவனித்தாயா? அப்புறம் ஒரு பெரிய மனுஷர் வாரத்துக்கு 70 மணி நேரம் என்கிறார், இன்னொருவர் 90 என்கிறார், வீட்டில் இருந்து பெண்டாட்டி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பீர்கள் என்று வேறு கேட்கிறார். எங்கள் சூப்பர்வைசர் எவ்வளவோ மேல். அவர் கடிகாரத்தைத்தான் பார்ப்பார், எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கமாட்டார்.

சரி, நான் சொல்ல வந்தது இது இல்லை. வேறொன்று. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கம்பெனி விடுவது எட்டரைக்கு. புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பில் பஸ் ஏறினால் எட்டே ஐம்பதுக்கெல்லாம் வேலம்பாளையத்தில் இருக்கலாம். நான் வீட்டுக்குள் கால் வைக்கும்போது ஒன்பதேகால். நீ வாசற்படியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், பாதி நாள் அப்படியே தூங்கிப்போயிருப்பாய். "பஸ் கூட்டம், கண்ணு, ஏறவே முடியல" என்பேன். பொய். எட்டு மணிக்கு மேல் அந்த ரூட்டில் பஸ் காலியாகத்தான் வரும்.

நான் காளான் கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

ஸ்டாப்புக்கு முந்தின சந்து முனையில் ஒரு தள்ளுவண்டி. நானும் தேனிக்கார அக்காவும் ஒட்டன்சத்திரத்துக்காரியும் செக்கிங் பொண்ணு ஒருத்தியும் கம்பெனி கேட்டைத் தாண்டினதும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வோம். வாயைத் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை. பெரிய வட்டக் கல், ஓரத்தில் பொரித்த காளானை மலை மாதிரி குவித்து வைத்திருப்பார். காளான் என்பது பேருக்குத்தான். முக்கால்வாசி முட்டைக்கோஸ். கோஸையும் காளானையும் பொடியாக அரிந்து, மைதா, சோளமாவு, மிளகாய்த்தூள் போட்டுப் பிசைந்து உருட்டிப் பொரித்தது. நாலு தட்டு என்றதும் மலையிலிருந்து ஒரு பங்கைச் சரித்து நடுக்கல்லுக்கு இழுப்பார். மேலே ஒரு கரண்டி மசாலாத் தண்ணீர். அப்புறம் ரெண்டு கரண்டியையும் வைத்து டக் டக் டக் என்று அவர் கொத்துகிற சத்தம் இருக்கிறதே, நாள் முழுக்க மெஷின் சத்தம் கேட்ட காதுக்கு அது மட்டும் எப்படி இனித்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. குழம்பும் இல்லாமல் பொரியலும் இல்லாமல் கொழகொழவென்று சிவப்பாக வரும். மேலே பச்சை வெங்காயம், கொத்தமல்லி, நொறுக்கின சிப்ஸ். அப்போது தட்டு 6 ரூபாய். கூடக் கொஞ்சம் வெங்காயம் கேட்டால் முகத்தைத் தூக்கிக்கொண்டே போடுவார். உதட்டில் காரம் ஏறி மூக்கு ஒழுகும். பஞ்சுத் தூசி அடைத்திருந்த மூக்கு அப்போதுதான் திறக்கும்.

நின்றுகொண்டேதான் சாப்பிடுவோம். பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்த இடுப்புக்கு நிற்பதே ஒரு சுகம். யார் வீட்டில் என்ன சண்டை, எந்த மாஸ்டர் யாரைப் பார்த்துச் சிரித்தான், மாமியாரை எப்படிச் சமாளிப்பது, எல்லாம் அங்கேதான். செக்கிங் பொண்ணு சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டுவாள். ஒட்டன்சத்திரத்துக்காரி புரையேறுகிற வரைக்கும் சிரிப்பாள். ஒரு பஸ் போகும். இன்னொரு பஸ்ஸும் போகும்.

நீ வாசலில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் நின்றேன். அந்த இருபத்தைந்து நிமிஷம் கம்பெனிக்கும் இல்லை, வீட்டுக்கும் இல்லை. எனக்கு. அதற்காக நான் வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், உன் முகத்தை நினைத்தால் உண்டு, தட்டை நினைத்தால் இல்லை.

புல் நைட் அன்றைக்குக் கம்பெனியில் பரோட்டா வாங்கித் தருவார்கள். சால்னாவோடு, மெஷினுக்குப் பக்கத்திலேயே. நல்ல கடைப் பரோட்டாதான், நாங்களாகப் போய்த் தின்றால் ரெண்டு கூடவே இறங்கும். ஆனால் அங்கே வைத்துத் தின்றால் ஒன்றுகூட இறங்காது. துணியில் எண்ணெய் படக் கூடாது என்று ஒரு கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுங்கவேண்டும். ஓசிப் பரோட்டாவை எங்களில் ஒருத்தியும் ருசித்துச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நீ பிரியாணி என்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

ஜனவரியில் நான் பெங்களூர் வந்திருந்தபோது வி.வி. புரம் தீனி வீதிக்குக் கூட்டிப் போனாயே. அவரைக்கொட்டை சீசன். தருமபுரிப் பக்கம் பிதுக்கம்பருப்பு என்பார்கள், தோலைப் பிதுக்கி எடுத்த அவரை. அதைத் தோசை மேலே தூவி நெய் விட்டுச் சுட்டுக் கொடுத்தான். எனக்கு அவ்வளவு பிடித்தது. நீ முதல் வாய் வைத்தாய், போன் அடித்தது, காதில் மாட்டிக்கொண்டு அந்த வளைவுப் பக்கம் போய்விட்டாய். நான் ஒரு கையில் என் தட்டு, ஒரு கையில் உன் தட்டு. என்னுடையது தீர்ந்தது. உன்னுடையது ஆறி, நெய் வெள்ளையாக உறைந்தது. திரும்பி வந்து, "நீயே சாப்பிட்டிரும்மா, எனக்குப் பசி போயிருச்சு" என்றாய். ஞாயிற்றுக்கிழமை அது. நானும் தின்றேன், வீணாக்கக் கூடாதே என்று.

வேலையை விடு என்றோ குறை என்றோ நான் சொல்லப்போவதில்லை. உன் வேலை எனக்குப் புரியாது. என் ஒன்றரை ஷிப்டை மட்டும் உன் பக்கத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடாதே. அது உனக்காக வந்து பேசாது.

உன் ஆபீசுக்குக் கீழே என்ன விற்கிறார்கள் என்று ஒரு நாளும் நீ சொன்னதில்லை. ஏதாவது ஒரு வண்டி இருக்கும், இல்லாமல் போகாது. அதைப் பார்த்துவைத்துச் சொல். என்ன விலை, கூடக் கேட்டால் வெங்காயம் போடுகிறானா என்றும் சொல்.

நேற்று அந்தப் பக்கம் போனேன். வண்டிக்காரருடைய பையன்தான் இப்போது கொத்துகிறான். தட்டு 40 ரூபாய். கோஸ் இன்னும் கூடிவிட்டது. பக்கத்தில் மோமோ வண்டி ஒன்று வந்திருக்கிறது, ஒடிசாப் பையன்கள் கூட்டமாக நின்று கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மணி பார்த்தேன், எட்டே முக்கால்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: காளான் விஷயம் அப்பாவுக்குத் தெரியாது. அவரும் இத்தனை வருஷம் பஸ் கூட்டம் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறார். நீயும் சொல்லிவிடாதே. அவர்தான் இதைப் போட்டோ எடுக்கப்போகிறார் என்பது இப்போதுதான் உறைக்கிறது. கண்ணாடியை எங்கேயாவது ஒளித்து வைக்கவேண்டும்.