தொப்பூர் இறக்கத்தில் கல்லாகிப்போன பிரேக்

தர்மபுரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு என் பழைய சுமோதான் காரணம்.

மகளுக்கு இரண்டு கூடை மாம்பழம் கொடுத்துவிட்டு வரலாமென்று சேலத்துக்குக் கிளம்பினோம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் கல் மாதிரி இருக்கிறது. முன்னால் லாரி. இரண்டாவது கியருக்கு இறக்கி, பெடல்மேல் ஏறி நிற்கிற மாதிரி மிதித்துத்தான் ஓரம் கட்டினேன். உன் தங்கச்சி அன்று முழுக்கப் பேசவே இல்லை.

பட்டறையில் ஒரு தடவை மிதித்துப் பார்த்ததுமே, "பூஸ்டர் போயிடுச்சு, மாத்திடலாம்" என்றார்கள். பூஸ்டர் என்றால், வேக்குவத்தின், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பின், உதவியால் நம் மிதிக்குப் பலம் கூட்டுகிற டப்பா. எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டிலேயே சோதித்தேன். இன்ஜினை அணைத்து, பெடல் கெட்டியாகும்வரை நாலைந்து தடவை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தேன். பூஸ்டருக்கு வேக்குவம் வந்தால் அந்தக் கணமே பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும். அசையவில்லை. சரி என்று பூஸ்டரிலிருந்து, வேக்குவம் வருகிற ரப்பர் ஓஸைக் கழற்றி, இன்ஜின் ஓடும்போதே அதன் வாயில் கட்டைவிரலை வைத்தேன். இழுப்பு ரொம்பச் சன்னம். டீசல் வண்டியில் வேக்குவம் தருவது ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கிற சின்ன பம்ப். அதன் வாயிலேயே விரலை வைத்தபோது நன்றாகப் பிடித்து இழுத்தது. அப்படியானால் கோளாறு நடுவில்தான். ஓஸை மடக்கிப் பார்த்தால், ஆயில் பட்டு ஊறிப்போய், வளைவின் அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடிப்பு! புது வேக்குவம் ஓஸ், இரண்டு கிளாம்ப், கூடவே ஒருவழி வால்வு, அவ்வளவுதான் செலவு. தண்ணீர் ஓஸை வெட்டிப் போடலாம் என்றார் கடைக்காரர். இழுப்பில் அது சப்பிப்போகும் என்று மறுத்துவிட்டேன்.

உன் எஸ்டீம் காருக்கு வருகிறேன். மாதாமாதம் பிரேக் ஆயில் குறைகிறது, நாலு சக்கரத்திலும் ஈரமில்லை என்று எழுதியிருக்கிறாய். அது வேறு கோளாறு. பெடல் மிதியை ஆயில் அழுத்தமாகச் சக்கரங்களுக்கு அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டருக்கு முன்னால் இருக்கிறது. அதன் பின்பக்க சீல் கசிந்தால் ஆயில் தரையில் சொட்டாது, பூஸ்டருக்குள் போய்த் தேங்கும். சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றி முன்னால் நகர்த்திப் பார்க்கச் சொல். பின்னால் ஈரம் இருந்தால் அதுதான். பெட்ரோல் வண்டியாதலால் அந்த ஆயிலை இன்ஜினே உறிஞ்சிக்கொள்ளவும் கூடும்; வெள்ளைப் புகை வருகிறதா என்று கவனி. ஆயிலை மட்டும் ஊற்றி ஊற்றி ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், பெட்ரோல் மிச்சமென்று இறக்கத்தில் இன்ஜினை அணைக்கிற பழக்கம் உனக்கு உண்டு. அணைத்தபின் பூஸ்டரில் இருக்கிற வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு என் காலுக்குத் தொப்பூரில் கிடைத்த அதே கல்தான். தயவுசெய்து விட்டுவிடு.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகலாம் என்று கேட்டிருந்தாயே, குடும்பத்தோடு வா. பென்னாகரம் வழியாகச் சுமோவிலேயே போய்வரலாம். உன் வண்டி சீல் மாற்றிய பிறகு மலை இறங்கட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்