சம்பள ஒப்பந்தம் முடிந்தது

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். மாவடு வந்து சேர்ந்தது, அக்காவிடம் சொல்லிவிடு.

எங்கள் ஆலையில் சம்பள ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. கேட்டதில் முக்கால்வாசி கிடைத்தது. கேட்டில் வெடி, மாலை, லட்டு. தாமஸ் வழக்கம்போல லட்டை எண்ணி எண்ணித்தான் கொடுத்தான். நீ இருந்திருந்தால் டப்பாவோடு பிடுங்கியிருப்பாய்.

எனக்கு மனசு ஆறவில்லைடா. என் பக்கத்து மெஷினில் நிற்கிற பையன் காண்ட்ராக்ட். அதே வேலை, அதே ஷிப்ட். இப்போது எங்களுக்கு ஏறிய தொகையே அவன் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். ஒப்பந்தத்தில் அவனைப் பற்றி ஒரு வரி இல்லை.

சங்கம் இருந்தால் ஏற்றத்தாழ்வு குறையும் என்று நாம் வாயிற்கூட்டங்களில் தொண்டை வறளப் பேசியது பொய்யில்லை. அமெரிக்காவில் 1950களில் மூன்றில் ஒரு தொழிலாளி சங்கத்தில் இருந்தார், இன்று பத்தில் ஒருவர்தான். வேறு காரணங்களும் உண்டு என்றாலும், அந்தச் சரிவோடு சேர்ந்துதான் அங்கே பணக்காரர்களின் பங்கு ஏறியது. ஆனால் சங்கம் யாருக்காகப் பேசுகிறது என்று ஒன்று இருக்கிறதே! சுவீடனில் 1951-ல் ரேன், மெய்ட்னர் என்ற இரண்டு சங்கப் பொருளாதார நிபுணர்கள், கம்பெனிக்கு லாபம் எவ்வளவு வந்தாலும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்றார்கள். கொழுத்த ஆலையில் இருந்தவர்கள் கொஞ்சம் அடக்கிக் கேட்டார்கள். அடிமட்டத்தில் இருந்தவர்களின் கூலி ஏறியது. 1960, 70களில் அங்கே கூலி வித்தியாசம் நன்றாகவே சுருங்கிவிட்டது.

இங்கே நடப்பது நேர் எதிர். ஆண்டு முழுக்க நடக்கும் வேலையில் காண்ட்ராக்டைத் தடை செய்ய 1970 சட்டம் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. தடை போட்டாலும் காண்ட்ராக்ட் ஆட்கள் தானாக நிரந்தரம் ஆகிவிட மாட்டார்கள் என்று 2001-ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்மில் ஒருவர் ரிடையர் ஆனால் அந்த இடத்தில் ஒரு காண்ட்ராக்ட் பையன் வந்து நிற்கிறான். நமக்குக் கொடுத்ததை நிர்வாகம் அவனிடம் பிடித்துக்கொள்கிறது.

நம் சங்கத்துச் சங்கரன் அண்ணனிடம் சொன்னேன். “முதல்ல இருக்கிறவனைக் காப்பாத்துவோம்” என்கிறார். சஸ்பென்ஷனில் கிடந்தும் வளையாத மனிதர், அவர் மேல் எனக்குள்ள மரியாதை குறையவே குறையாது. ஆனால் இதில் அவர் பேசுவது தப்பு. இருக்கிறவன் எல்லாம் ரிடையர் ஆன பிறகு ஸ்டிரைக் என்றால் யார் வெளியே வருவார்கள்? மெஷின் முழுக்கக் காண்ட்ராக்ட் ஓட்டினால் ஒரு மணி நேரம்கூட உற்பத்தி நிற்காது.

காண்ட்ராக்ட் தொழிலாளர்களையும் உறுப்பினராக்க விதித் திருத்தம் ஒன்று எழுதியிருக்கிறேன். சட்டத்தில் அதற்குத் தடையில்லை. சந்தாவை அவர்களுக்குப் பாதியாக வைத்திருக்கிறேன், அது சரியா என்று பார். விதி எழுதுவதில் உன் கை சுத்தம். சிவப்பு மையில் அடித்துத் திருத்திப் பொதுக்குழுவுக்கு முன்னால் அனுப்பிவிடு. சங்கரன் அண்ணனுக்கும் ஒரு போன் போடு. நீ சொன்னால் கேட்பார்.

உன்,
ராஜு