கறுப்பு வண்டியில் தெரிந்த வளையம்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, கேட்டால் பதிலும் இல்லை. அதற்கு நேரில் திட்டிக்கொள். இப்போது அவசரமாக ஒரு விஷயம்.

நேற்று கடைவீதியில் உன் தம்பியைப் பார்த்தேன். "அண்ணன் கார் எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு, அதுக்குள்ள மங்கிப் போச்சுன்னு அடுத்த மாசம் செராமிக் கோட்டிங் போடறார். அட்வான்ஸ் குடுத்தாச்சு" என்றான். வண்டி என்ன கலர் என்றேன். கறுப்பு என்றான்! காலேஜில் ஒரு வெள்ளைச் சட்டையை மத்தியானம் வரைக்கும் வெள்ளையாக வைத்திருக்கத் தெரியாதவன் நீ. சரி, அது போகட்டும். மாப்பிள்ளை, பெயின்ட் மேல் பூசுகிற அந்தக் கோட்டிங்கை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வை. வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுப் போடு.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. முதலில் வலது கண், ஒரு மாதம் கழித்து இடது. இரண்டிலும் புரை முற்றியிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக, "தெரு லைட்டைச் சுத்தி வளையம் வளையமாத் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தவரை இழுத்தடித்தது நான்தான். அந்த உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது. கட்டுப் பிரித்து, சொட்டு மருந்தெல்லாம் முடிந்த பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போ. மேலே இருந்து ஊரைப் பாக்கணும்."

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பினோம். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் போர்டில் இருக்கும் நம்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார், ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி. லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்தவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஒவ்வொரு லைட்டும் ஒரு புள்ளியா இருக்குடா" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

திரும்பி வண்டிக்கு வந்தோம். ஒரு கம்பத்து விளக்குக்குக் கீழே நிறுத்தியிருந்தேன். கதவைத் திறக்கப் போனவர் பானட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். "வளையம் திரும்ப வந்துருச்சு" என்றார். குரலே மாறிவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் அவர் நிதானமான ஆள். நிமிர்ந்து கம்பத்து விளக்கைப் பார்த்தார். வளையம் இல்லை. குனிந்து பானட்டில் தெரிந்த விளக்கைப் பார்த்தார். சுற்றிலும் சிலந்தி வலை. இரண்டு எட்டு நகர்ந்தார், வலையும் கூடவே நகர்ந்தது. "கண்ணுல இல்லடா. வண்டியில இருக்கு" என்றார்.

எட்டு வருஷம் ஓட்டிய வண்டி. அதில் அப்படி ஒரு வலை இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் வண்டி முழுக்க அதுதான். ஸ்விர்ல் மார்க் என்கிறார்கள். வட்டமாகத் தெரிகிறதே தவிர, அதில் ஒரு கோடுகூட வட்டம் இல்லை. எல்லாம் எல்லாத் திசையிலும் ஓடும் மெல்லிய கீறல்கள். விளக்குக்குக் குறுக்கே விழுந்திருக்கும் கீறல் மட்டும் வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்புகிறது, அதனால் விளக்கைச் சுற்றி வட்டம் கட்டியது போலத் தோன்றுகிறது. செல்போன் டார்ச்சை பானட்டின் மேல் நகர்த்திப் பார், வட்டமும் கூடவே வரும். வெள்ளை வண்டியிலும் இதே கீறல் இருக்கும். வெள்ளையே வெளிச்சத்தை வாரி இறைப்பதால் அதில் கரைந்துவிடும். கறுப்புக்கு அடியிலிருந்து வெளிச்சம் வருவதில்லை, கீறல் சிதறடிப்பது மட்டும் தனியாகத் தெரியும். நீ மங்கல் என்று சொல்வதும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

கீறல் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பெரிய பாரமாகிவிட்டது. தினமும் காலை ஆறு மணிக்கு அப்பா பழைய பனியன் துணியால் வண்டியைத் துடைப்பார், உனக்குத் தெரியும். தண்ணீர் கிடையாது, காய்ந்த துணி. எட்டு வருஷம், ஒருநாள் தவறியதில்லை. நம் தெருத் தூசியில் இருப்பது மண், அந்த மண்ணில் குவார்ட்ஸ் இருக்கிறது. கண்ணாடியையே கீறுகிற கல் அது. பனியன் எவ்வளவு மெத்தென்று இருந்தால் என்ன, அதில் ஒட்டிக்கொண்ட மண்தான் தேய்க்கிறது. இதை அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? வெள்ளிப் பட்டறையை மூடிய பிறகு கைக்கு வேலை இல்லாமல் தவித்தவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் பிடிப்பாக இருந்தது. இரண்டு நாள் வாயைத் திறக்காமல் சுற்றினேன். அவரும் அந்த இரண்டு நாள் துணியைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் அவராகவே கூப்பிட்டார். துடைக்கிற துணியை வெயிலில் விரித்து, மேலே பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பட்டறையில் கொலுசுக்குப் பற்று வைத்து ஒட்டியபின் பார்ப்பாரே, அதே கண்ணாடி. "நாப்பது வருஷம் வெள்ளிக்கு மெருகு போட்டிருக்கேன். வண்டியில மண்ணை வெச்சுத் தேச்சிருக்கேன் பாரு" என்றார். அவ்வளவுதான். நான் பயந்த மாதிரி உடைந்து போகவில்லை. அடுத்த கேள்வி, "எடுக்கலாமா?"

போன தீபாவளிக்கு ஒரு இடத்தில் 'பாலிஷ்' போட்டேனே, உனக்குப் படம்கூட அனுப்பினேன். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு தடவை கழுவியதும் பழைய கீறல் அத்தனையும் எழுந்து வந்தது, கூடவே வெயிலில் பார்த்தால் வானவில் மாதிரி நீளநீளமான தடம். எண்ணெய்ப் பசையைக் கீறலுக்குள் நிரப்பி மறைத்திருக்கிறார்கள். சுழல் மிஷினைத் தப்பாகப் பிடித்துப் புதுத் தடம் வேறு. காசு போனது போகட்டும், "கீறல் போய்டுச்சு சார்" என்று வாய் கூசாமல் சொன்னார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

இந்த முறை நாங்களே செய்வது என்று முடிவெடுத்தோம். கொண்டலாம்பட்டியில் நமக்குத் தெரிந்த தம்பி ஒருவன் இதே தொழில், நல்ல கைக்காரன். மிஷினோடு வந்தான். அப்பா அவனிடம் கேட்ட முதல் கேள்வி: "இதுக்கு எவ்வளவு எடை போகும்?" அந்தத் தம்பி முழித்தான். எனக்குப் புரிந்தது. வெள்ளியில் மெருகு போட்டால் எடை குறையும். எவ்வளவு குறையக்கூடாது என்பதுதான் அங்கே தொழில்.

வண்டியிலும் அதே கணக்குத்தான் மாப்பிள்ளை. கலருக்கு மேலே நிறமில்லாத க்ளியர் கோட் ஒன்று இருக்கிறது. சுமார் 40, 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்று 70 மைக்ரான் இருக்கும், அதைவிடக் குறைவு. கீறல் எல்லாம் அதில்தான். கீறலை எடுப்பது என்றால் அதன் அடி ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள க்ளியர் கோட்டைச் சில மைக்ரான் சீவி மட்டமாக்குவது. பளபளப்பை வெளியே இருந்து யாரும் கொண்டுவந்து பூசுவதில்லை. அதிகமாகச் சீவினால் வெயிலைத் தாங்கும் தெம்பு போய், பின்னால் தோல் உரிகிற மாதிரி உரியும். அந்தத் தம்பி கனம் பார்க்கும் மீட்டரை வைத்து ஒவ்வொரு பக்கமும் அளந்தான். அடியிலிருந்து க்ளியர் கோட் வரை பெயின்ட் மொத்தமும் சேர்த்து எல்லா இடத்திலும் 110, 120 மைக்ரான். இடது பின் கதவில் மட்டும் 200ஐத் தாண்டியது. மறுபடி பெயின்ட் அடித்த இடம். நம் கூட்டாளி மைதா ரிவர்ஸ் எடுத்து இடித்த கதை அங்கே இன்னும் எழுதியிருக்கிறது!

முதலில் கழுவல். இதற்கே அரை நாள். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி, தொடாமலே மண்ணை இறக்கவேண்டும். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்கவேண்டும். மேலிருந்து கீழே, நிழலில். போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் விட்டால் வெள்ளைப் பொட்டு பிடிக்கும், அந்த உப்பு நாளாக நாளாகப் பெயின்டையே அரிக்கும். அதனால் கடைசி அலசலுக்கு மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளாகப் பார்த்து வைத்தோம்.

கழுவி முடித்ததும் அந்தத் தம்பி ஒரு பாலித்தீன் பையை அப்பா கையில் மாட்டி, "தடவிப் பாருங்கய்யா" என்றான். வெறும் கைக்கு வழவழவென்று இருந்த பானட், பைக்குள்ளிருந்து தடவினால் உப்புத்தாள். நீயும் செய்து பார், திடுக்கிடுவாய். கழுவினாலும் போகாமல் ஒட்டிய தார், மரப்பிசின், பிரேக் தூள் எல்லாம் அது. சோப்புத் தண்ணீரைத் தெளித்து க்ளே பாரால் லேசாக வருடினால் வந்துவிடுகிறது. ரப்பர் மண் மாதிரி ஒரு கட்டி. அது கீழே விழுந்தால் எடுத்துத் திரும்பத் தேய்க்கக்கூடாது, தூக்கிப் போட்டுவிடவேண்டும்.

அப்புறம்தான் மிஷின். சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கிற டூயல் ஆக்‌ஷன் மிஷின். ஒரே இடத்தில் சுழலுவதில்லை, அதனால் சூடு குறைவு, தடமும் விழாது. பானட்டில் ஒன்றரை அடிக்குச் சதுரமாக டேப் ஒட்டினான். மிஷினில் மாட்ட முதலில் மெத்தென்ற ஸ்பாஞ்ச் பேட், நைஸான பாலிஷ். பாதிதான் போனது. அடுத்து நடுத்தரப் பேட், கொஞ்சம் கடினமான பாலிஷ். பட்டாணி அளவு நாலு சொட்டு, மிஷினின் கனமே போதும், அழுத்தவேண்டாம், நத்தை மாதிரி நகர்த்தி, குறுக்கும் நெடுக்கும் நாலு தடவை. ஆல்கஹால் கலந்த தண்ணீரால் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு டார்ச்சை அடித்தான். அதைத் துடைக்காமல் பார்த்தால் தீபாவளி கதைதான்.

டேப்பை உரித்தபோது நீ இருந்திருக்கவேண்டும். கோடு போட்ட மாதிரி ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் கிணறு. கிணற்றுத் தண்ணீரில் எட்டிப் பார்த்தால் முகம் தெரியுமே, அப்படி. டார்ச் ஒரே புள்ளியாக நின்றது. அப்பா அந்தக் கோட்டின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றார். "போதும் தம்பி, இதுக்கு மேல ஏறாதே. இந்தப் பேட்டே எல்லா இடத்துக்கும் போதும்" என்றார். அந்தத் தம்பியும் அதையேதான் சொல்ல இருந்தானாம்.

இரண்டு நாள் ஆனது. விளிம்புகளில் பெயின்ட் மெல்லிசாக இருக்கும், அங்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டுப் பின்னால் கையால் செய்தோம். கைவேலை முழுக்க அப்பாதான். கதவுக் கைப்பிடிக் குழிக்குள் மோதிரமும் நகமும் பட்ட கீறல் நிறைய. நகம் மாட்டுகிற கீறல் ஆழம், அதைத் துரத்தாதே என்று அவரே எங்களுக்குச் சொன்னார். மூன்று கீறல் அப்படி நின்றுவிட்டது. இருக்கட்டும். மேலே பாதுகாப்புக்கு ஒரு சீலன்ட் பூசியிருக்கிறோம், சில மாதம் தாங்கும்.

இப்போது உன் விஷயம். கோட்டிங் என்பது கண்ணாடி போட்ட படம் மாதிரி. கீறலோடு இருக்கிற பெயின்ட் மேல் போட்டால், கீறலை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான். அப்புறம் எடுக்கவேண்டுமானால் கோட்டிங்கையும் சேர்த்துச் சீவவேண்டும். நீ அட்வான்ஸ் கொடுத்த இடத்தில் மூன்று கேள்வி கேள். முதலில் கனம் அளப்பீர்களா? ஒரு சின்ன இடத்தில் செய்து, ஆல்கஹாலால் துடைத்து, வெயிலில் காட்டுவீர்களா? எந்த மிஷின்? மூன்றாவது கேள்விக்கு எரிச்சல்பட்டால் அட்வான்ஸை மறந்துவிட்டு வெளியே வா. அதைவிட, வண்டியை இங்கே கொண்டு வா. அப்பாவே சொல்கிறார், "அவன் வண்டியைப் பாக்கணும்" என்று. இந்த வயதில் அவர் குரலில் அந்தத் துள்ளலைக் கேட்டு எத்தனை வருஷமாகிறது தெரியுமா? காலை ஆறு மணி வேலை திரும்ப வந்துவிட்டது. இப்போது இரண்டு வாளி, கையுறை, தடிமனான மைக்ரோஃபைபர் துண்டு. துண்டைத் தேய்க்காமல் வண்டி மேல் விரித்து ஒற்றி எடுக்கிறார், வாரம் ஒரு தடவைதான். மற்ற நாளில் துண்டுகளைத் துவைத்து உதறி மடிக்கிறார்.

மற்றபடி, மைதா மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது, பத்திரிகை தனியாக வரும். குண்டு பாய் கடையை அஞ்சு ரோடு பக்கம் மாற்றிவிட்டார், தட்டுவடை செட் அதே ருசி. உன்னைப் பார்த்தால் பழைய பாக்கியைக் கேட்பதாகச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை வந்தால் ஞாயிறு சாயங்காலத்துக்குள் பானட்டாவது முடித்துவிடலாம். வரும்போது தொப்பூரில் டீக்கு நிறுத்துவாய், வண்டி மேல் லாரித் தூசி படிந்திருக்கும், உனக்குக் கை சும்மா இருக்காது. துணியை எடுக்காதே. தூசியோடேயே வந்து சேர்.

அன்புடன்,
உன் பங்காளி