2024-25ஆம் ஆண்டிற்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்தப் பொதுக்குழுவிற்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மயிலாடுதுறை நகரிலும் சுற்று வட்டாரத்திலும் வீடற்றோருக்கும் ஆதரவற்ற முதியோருக்கும் உணவும் தங்குமிடமும் கிடைக்கச் செய்வதற்காக இயங்கிவரும் நமது சங்கத்தின், 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பணிகளை இங்கே சமர்ப்பிக்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. சுதந்திர நாளிலும் குடியரசு நாளிலும் நாம் துணைநிற்கும் தங்கும் இல்லத்தில் கொடியேற்றப்பட்டது. தீபாவளிக்கு வேட்டி, சேலை, போர்வை வழங்கினோம். ஐப்பசி மாதக் கடைசி நாளின் காவிரி நீராடலான கடைமுழுக்கன்று, துலாக்கட்டப் படித்துறையில் உணவும் குடிநீரும் வழங்கப்பட்டன. இல்லத்து முகவரியைக் கொண்டு சிலருக்கு ஆதார் அட்டை பெற்றுத் தந்து, மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கும் விண்ணப்பித்திருக்கிறோம்.

நவம்பர் கடைசியில், ஃபெஞ்சல் புயலையொட்டி டெல்டா முழுவதும் மழை கொட்டிய நாட்களில், ரயில் சந்திப்பின் நடைமேடையிலும் கடைவாசல்களிலும் படுத்திருந்தவர்களை இல்லத்திற்கு அழைத்து வந்தோம். வீடற்றோர் இல்லங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல், ஆளுக்கு 50 சதுர அடி இடம் வேண்டும் என்கிறது. அந்த இரவுகளில் நம் இல்லத்தில் பாய்க்கும் பாய்க்கும் நடுவே கால் வைக்க இடமில்லை. ஆயினும் வந்த ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இவ்வாண்டின் முதன்மையான பணி, அறுவடையின்போது விவசாயிகளிடம் நெல் கேட்டுப் பெறும் களத்து நெல் திட்டம் ஆகும். சென்ற பொதுக்குழுவில் இதை நான் முன்மொழிந்தபோது சில ஐயங்கள் எழுப்பப்பட்டதால், சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் களத்தில் நெல் அளக்கும்போதே தச்சருக்கும் கொல்லருக்கும் நாவிதருக்கும் வண்ணாருக்கும் காவல்காரருக்கும் அவரவர் பங்கை ஒதுக்கிவிட்டுத்தான் மீதி வீட்டுக்குப் போகும். களத்தோரம் வந்து நிற்கும் ஏழைக்கும் முறத்தில் கொஞ்சம் விழும். இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்து டிராக்டரில் கொட்டுகிறது. அங்கிருந்து அது நேரே கொள்முதல் நிலையத்திற்குப் போய் 40 கிலோ சிப்பமாகிவிடுகிறது. கொடுக்கும் மனம் விவசாயியிடம் அப்படியே இருக்கிறது. கேட்பதற்குத்தான் அங்கே ஆளில்லாமல் போயிற்று. ஆகவே சம்பா அறுவடையின்போது குத்தாலம், மணல்மேடு, செம்பனார்கோவில் பக்கங்களில் வயலுக்கே சென்று, வீட்டுக்கு ஒரு மரக்கால் ஆனாலும் போதும் என்று கேட்டோம். மேட்டூர் அணை ஜூன் 12க்குப் பதிலாக ஜூலை 28 அன்றுதான் திறக்கப்பட்டதால் குறுவை சரியாக அமையாமலும், சம்பாவில் மழை புகுந்தும் இருந்த ஆண்டு இது. அப்படிப்பட்ட ஆண்டிலும், கேட்ட இடத்தில் இல்லை என்று சொன்னவர்கள் மிகச் சிலரே.

வந்த நெல் ஈரமாக இருந்தது. கொள்முதல் நிலையத்தின் வழக்கமான வரம்பு 17 சதவீத ஈரப்பதம். அதற்கு மேற்பட்ட நெல்லை அப்படியே மூட்டை கட்டினால் உள்ளுக்குள் சூடேறி, அரிசி பழுப்பேறி, வாடை வந்துவிடும். ஒரு திருமண மண்டபத்தின் முற்றத்தைக் கேட்டு வாங்கி, காலையில் பரப்பி, நடுவில் கிண்டி, மாலையில் அள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினோம். இல்லத்தில் இருப்பவர்கள் புழுங்கல் அரிசிச் சோறு உண்டு பழகியவர்கள் என்பதால் நெல்லை அவித்தே அரைக்கச் செய்தோம். குருணை கஞ்சிக்குப் பயன்பட்டது. தவிட்டை விற்ற பணம் அரைவைக் கூலியில் கழிந்தது. இந்தப் பரப்பும் வேலையிலும் அள்ளும் வேலையிலும் கைகொடுத்தவர்கள் இல்லத்து ஆண்களும் நம்மில் ஓரிருவரும் மட்டுமே.

இத்திட்டத்தை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நமக்கு வரும் உதவி, கொடுப்பவரின் நாளைப் பார்த்து வருகிறது. உண்பவரின் பசி நாள் பார்ப்பதில்லை. தை அமாவாசையன்று, அதாவது ஜனவரி 29 அன்று, நான்கு உபயதாரர்கள் ஒரே பகல் வேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். சாம்பார் சாதப் பொட்டலங்கள் கூடத்தில் அடுக்கியபடியே ஊறி, இலையோடு ஒட்டிப்போயின. மறுநாள் இரவுக்கு ஒருவரும் இல்லை. ஒரு மூதாட்டி முதல் நாள் வடைகள் இரண்டைத் தாளில் சுற்றித் தலையணை உறைக்குள் வைத்திருந்தார். கெட்டிருக்கும் என்று சொல்லி வாங்கிக்கொண்ட நமக்கு, அதற்கு மாற்றாக அவர் தட்டில் ஊற்றக் குருணைக் கஞ்சிதான் இருந்தது. இருப்பில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் இருந்தால் எந்த நாளும் அடுப்பு எரியும். வடலூரில் வள்ளலார் 1867இல் ஏற்றிவைத்த அடுப்பு இன்றும் எரிவது, நாள்தோறும் அரிசி வந்துகொண்டே இருப்பதால்தான்.

திருமண மண்டபங்களில் மிஞ்சும் உணவை ஏற்க மறுக்கிறோம் என்று உறுப்பினர்கள் சிலர் வருத்தம் தெரிவித்தார்கள். நாம் மறுப்பதில்லை; பந்தி முடியும் முன்பே தகவல் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம். சமைத்த உணவு நெடுநேரம் வெதுவெதுப்பாகவே கிடந்தால் கிருமி பெருகும். உபரி உணவைப் பெற்றுப் பகிர்வதற்கென உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் விதிமுறைகளே வகுத்திருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு வாசலில் இறக்கிவிட்டுப் போகும் அண்டாவை நோயாளிகளும் முதியவர்களும் இருக்கும் இடத்தில் பரிமாற முடியாது.

அடுத்து, சொல்லாமல் விட முடியாத ஒன்று. காலை ஆறு மணிக்குச் சமையலறையில் காய் நறுக்கவும், இரவு எட்டு மணிக்குப் பரிமாறவும் முறைப்பட்டியல் போட்டு, அவரவர் ஒப்புதலுடன்தான் பெயர் எழுதினோம். பிறந்தநாள் விருந்துக்கும் புகைப்படத்துக்கும் கூடுகின்ற கூட்டத்தில் கால்பங்கு, சாதாரணச் செவ்வாய்க்கிழமைக் காலையில் வந்திருந்தால் சமையல் அம்மா தனியாக அத்தனை வேலையையும் செய்திருக்க வேண்டியதில்லை. வர இயலாதபோது முன்னதாக ஒரு வார்த்தை சொல்வதுகூடப் பலரால் இயலவில்லை. ஆண்டுச் சந்தாவும் பாதிக்கு மேற்பட்டோரிடம் நிலுவையில் உள்ளது. அவர்களுள் செயற்குழுவில் இருப்பவர்களும் உண்டு. பெயர்களை வாசிப்பதில்லை என்று முடிவு செய்திருப்பதால் பட்டியல் பொருளாளரிடமே இருக்கிறது.

வரவு செலவைப் பொறுத்தவரை, வரவுக்குள் செலவு அடங்கியிருக்கிறது. சிறு தொகை கையிருப்பாக உள்ளது. மளிகைக் கடைப் பாக்கி ஏப்ரலில் தீர்க்கப்பட்டது. தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பொருளாளர் முன்வைப்பார். பொருளாக அளிக்கும் நன்கொடைக்கு வருமான வரிவிலக்கு கிடையாது என்பதையும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடைக்காது என்பதையும் நன்கொடையாளர்கள் தயவுசெய்து நினைவில் கொள்ள வேண்டும். ரசீது கேட்டு நம் மீது வருத்தப்படுவதில் பயனில்லை.

நெல் வழங்கிய விவசாயிகள், முற்றம் தந்த மண்டபத்தார், அரைவை ஆலையினர், மருந்துக்கடை நண்பர்கள், இல்லத்துப் பணியாளர்கள், ஆலோசனை வழங்கிய தலைவர் ஆகிய அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் குறுவைக்கும் களத்து நெல் திட்டத்தை நடத்த எண்ணியிருக்கிறோம். அதற்கு உலர்ந்த ஒரு கிடங்கும், நாலைந்து தார்ப்பாய்களும், அறுவடை நாட்களில் வயலுக்கு வரக்கூடிய பத்துப் பேரும் வேண்டும். இவை அமையாவிட்டால், இருக்கும் ஓரிருவரை வைத்து இன்னொரு பருவம் இதை நடத்த இயலாது என்பதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். அமாவாசை உபயத்தை நிறுத்துமாறு எவரையும் கேட்கவில்லை. அதே தொகையில் பாதியை மாதத்தின் மூன்றாவது வார இரவுகளுக்கு ஒதுக்கித் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன். அடுத்த மூன்று மாதங்களுக்கான முறைப்பட்டியல் வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. இரவு முறைக்கான கட்டங்கள் எல்லாமே இன்னும் காலியாக உள்ளன.

இங்ஙனம்,
செயலாளர்