கப்பல் எப்போ வரலாம்னு கடல் பனிமேல நடக்கிறவங்ககிட்ட கேளுங்க: கனடா அரசுக்கு ஒரு திறந்த மடல்

வடபகுதி விவகாரத்தையும் கப்பல் போக்குவரத்தையும் பாக்குற மாண்புமிகு மந்திரிகளுக்கு,

வணக்கம். டொராண்டோல இருந்து எழுதுறேன், இந்த நாட்டுக்கு வரி கட்டுற ஆள், அந்த உரிமைல கேக்குறேன். கனடாவோட வடக்குல இருக்குற நுனாவுட் பிரதேசத்துல 25 ஊர் இருக்கு, ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு ரோடே கிடையாது, உங்களுக்குத் தெரியாதது இல்ல. உறைஞ்ச கடல்தான் அங்க காலங்காலமா வாழுற இனுயிட் மக்களுக்கு ரோடு, சாப்பாடும் அதுலதான். அந்த ரோட்டை உடைச்சுக்கிட்டு கப்பல் வரலாமா, எந்தத் தேதியில வரலாம்னு முடிவு பண்றப்போ அதுமேல போறவங்க பேச்சு கடைசியிலதான் எடுபடுது. அது முதல்ல எடுபடணும்.

அவங்க பேச்சை "அனுபவக் கதை"ன்னு ஒரு ஓரமா ஒதுக்குறது எனக்கு ஆத்தாமையா இருக்கு. புது ஐஸ்ல கால் வைக்கிறதுக்கு முன்னாடி வேட்டைக்காரர் ஈட்டியால ஓங்கிக் குத்திப் பாப்பார், ஒரே குத்துல உள்ள இறங்கிடுச்சுன்னா அந்தப் பக்கமே போக மாட்டார். கருப்பா இருந்தா மெலிசு, வெளுக்க வெளுக்கத்தான் கெட்டி, ஆனா மேல பனி கொட்டிக் கிடந்தா நிறத்தை நம்ப முடியாது, ஏன்னா அந்தப் பனி கம்பளி மாதிரி மூடிக்கிட்டு குளிரை உள்ள விடாது, அடியில ஐஸ் தடிக்காமயே இருக்கும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகம் எடுத்து ஐஸை அடியில இருந்து அரிச்சிரும், அதையும் கணக்குல வச்சுதான் கிளம்புவாங்க. பனிமூட்டத்துல எதுவுமே தெரியலைன்னா, வழக்கமா அடிக்கிற காத்து இறுக்கி வச்ச பனிமேட்டுல சறுக்குவண்டி எந்தக் கோணத்துல ஏறி இறங்குதுன்னு உடம்பாலயே உணர்ந்து திசை பிடிப்பாங்க. நுனாவுட்ல இக்லூலிக் ஊர்ப் பக்கம் கடல் பனிமேல போற பாதைங்க ஒவ்வொரு கோடையிலயும் உருகிப் போயிடும், அடுத்த குளிர்ல கிட்டத்தட்ட அதே இடத்துலயே திரும்பப் போடுவாங்க, எல்லாம் ஞாபகத்துல இருந்துதான்.

பருவநிலை மாறிடுச்சு, இனிமே இந்த அறிவு செல்லாதுன்னு சிலர் சொல்றாங்க. எந்த மாசம் எங்க உறையும்ங்கிற பழைய கணக்கு நிறைய இடத்துல தவறுது, அது உண்மைதான், ஆனா பாத்து, குத்தி, சந்தேகப்பட்டு, சுத்திப் போறதுங்கிற பழக்கம் இப்பத்தான் இன்னும் அதிகமா தேவைப்படுது. கனடாவோட கிழக்குக் கரையில, லாப்ரடார்ல நெயின் ஊர்ல 2009-10 குளிர்காலம் ரொம்ப வெதுவெதுப்பா போய் ஐஸ் சரியா பிடிக்கல, அந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் ஸ்மார்ட்ஐஸ்ங்கிற ஐஸ் அளக்குற அமைப்பு வந்துச்சு. ஸ்னோமொபைல்ங்கிற பனி மோட்டார் வண்டிக்குப் பின்னாடி இழுக்குற வண்டியில சென்சார் வச்சு தடிமன் அளக்குறாங்க, அதை எந்தப் பாதையில இழுக்கணும்னு உள்ளூர் ஆளுங்கதான் சொல்றாங்க, ஓட்டுறதும் அவங்கதான். சேட்டிலைட் படத்துல வெள்ளையா தெரியுற இடம் ஒரு ஆளைத் தாங்குமா தாங்காதான்னு அவங்களாலதான் சொல்ல முடியும்.

நுனாவுட்ல இருக்குற மேரி ரிவர் இரும்புச் சுரங்க விஷயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வருஷத்துக்கு கப்பல்ல அனுப்புற இரும்புத் தாதை 60 லட்சம் டன்ல இருந்து 1 கோடியே 20 லட்சம் டன்னா ஆக்கணும்னு சுரங்கக் கம்பெனி கேட்டுச்சு, அப்படின்னா கப்பலும் கூடும். 2021 பிப்ரவரியில, அந்தக் குளிர்ல, பாண்ட் இன்லெட், ஆர்க்டிக் பே ஊர் வேட்டைக்காரங்க ஸ்னோமொபைல்ல போய் சுரங்கத்தோட ஏர்ஸ்ட்ரிப்பையும் ரோட்டையும் மறிச்சாங்க. கப்பல் கூடினா நார்வால் திமிங்கலம் போயிடும், எங்க சாப்பாடு போயிடும்னு சொன்னாங்க. 2022 மே மாசம் நுனாவுட் பாதிப்பு மறுஆய்வு வாரியம் அனுமதி வேண்டாம்னுச்சு, நவம்பர்ல உங்க அரசும் மறுத்துச்சு. நல்ல முடிவு, மனசாரச் சொல்றேன். ஆனா ஒரு தடவை காது கொடுத்துக் கேக்க வைக்கிறதுக்கு ஜனங்க ரன்வேல போய் உக்காரணுமா?

அதனால கேக்குறேன். ஐஸ் உடைக்கிற கப்பல் சீசன்ல முதல்லயும் கடைசியிலயும் எப்போ நுழையலாம்ங்கிற தேதியை அந்தந்த ஊர் வேட்டைக்காரர் சங்கம் ஒத்துக்காம வைக்காதீங்க. ஐஸ் அளக்குற உள்ளூர் ஆளுங்களுக்கு ரெண்டு வருஷ ப்ராஜெக்ட் பணம் கொடுத்துட்டு நிறுத்தாம, சாலைப் பணியாளருக்குக் கொடுக்குற மாதிரி நிரந்தரச் சம்பளம் கொடுங்க. அவங்க சேகரிக்கிற தகவல் அவங்க ஊருக்கே சொந்தமா இருக்கட்டும், யாருக்குக் காட்டணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும். அடுத்த உறைபனி சீசன் தொடங்குறதுக்குள்ள எழுத்துமூலமா பதில் எதிர்பாக்குறேன், முதல்ல அந்த ஊர்களுக்கு, அவங்க மொழியான இனுக்டிடுட்ல, அப்புறம் எங்களுக்கு.

இப்படிக்கு,
டொராண்டோவில் இருந்து ஒரு குடிமகள்