குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நம் நகர்வாசிகளே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

"பெருந்திரளாக வருகை தந்திருக்கும்" என்று நேற்றிரவு எழுதி வைத்திருந்தேன். காலை 10 மணிக்கு நாற்காலிகளைப் பார்த்துவிட்டு அந்தச் சொற்களை அடித்துவிட்டேன். கோரம் (குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை) இல்லாததால் அரை மணி நேரம் ஒத்திவைத்து, விதிப்படி அதே இடத்தில் மறுபடி கூடியிருக்கிறோம். 186 வீடுகள் உள்ள நகரில் 31 பேர். அதிலும் 6 பேர் செயற்குழுவினரின் வீட்டார். வந்தவர்களைக் கடிந்து பயனில்லை என்று என் மனைவி சொல்லியிருப்பதால் இதோடு விடுகிறேன்.

இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூன்று உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் சார்பில் அஞ்சலி.

சுதந்திர தினக் கொடியேற்றம் நடந்தது. பொங்கலுக்குக் கோலப் போட்டி நடந்தது. இரண்டாம் பரிசு பற்றிய சர்ச்சை முடிந்துவிட்டதாகவே நான் கருதுகிறேன். கொசு மருந்துப் புகை நான்கு முறை அடிக்கப்பட்டது. எரியாத தெருவிளக்குகளுக்காகச் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் நான் கொடுத்த புகார்களுக்குக் கணக்கில்லை. அக்டோபர் மழை எச்சரிக்கை வந்த அன்றே நம் உறுப்பினர்கள் பலர் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்திவிட்டார்கள். அந்தச் சுறுசுறுப்பில் கால்வாசி இருந்திருந்தால், மறுநாள் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை நானும் பொருளாளரும் மட்டும் தூக்கியிருக்க வேண்டாம். பொருளாளருக்கு இடுப்பு இன்னும் சரியாகவில்லை.

ஜூலை மாதம் காவல்துறையினருடன் நடத்திய கலந்துரையாடலுக்கு 60 பேருக்கு மேல் வந்தார்கள். நான் செயலாளராக இருந்த ஏழு ஆண்டுகளில் நடந்த கூட்டங்களில் இதுவே அதிகம். எல்லோருக்கும் ஒரே குறை: முன்போல ராத்திரி ரவுண்ட்ஸ் வருவதில்லை. முன்பெல்லாம் பீட் கான்ஸ்டபிள் வருவார், பட்டா புத்தகத்தில் (ரோந்துப் பதிவேடு) நேரம் போட்டுக் கையெழுத்திடுவார், அந்த பைக் சத்தத்தைக் கேட்டபடி நாம் திரும்பிப் படுப்போம். இப்போது போனில் பதிவு செய்துகொண்டு சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள். வந்தார்களா இல்லையா என்றே தெரியவில்லை என்றார்கள் நம்மவர்கள். வந்திருந்த எஸ்.ஐ. பொறுமையாகவே பதில் சொன்னார். புத்தகத்தில் நாலு நாள் கையெழுத்தை ஒரே நாளில் போட முடியும், போன் பதிவில் இடமும் நேரமும் தானாக விழுந்துவிடும், மேலதிகாரி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்ப்பார் என்றார். நியாயம்தான். இருந்தாலும் அந்தப் புத்தகம் 14 வருடம் என் வீட்டு கேட்டில் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு போன அன்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

அவர்கள் நம்மிடம் கேட்டவை மூன்று. வெளியூர் போனால் வீடு பூட்டியிருப்பதை ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வாடகைக்கு வைப்பவர்களின் விவரம் கொடுக்க வேண்டும். பழுதான கேமராக்களைச் சரிசெய்ய வேண்டும். அவசரத்துக்கு 100 அல்லது 112. போனில் பேசி ஏமாற்றிப் பணத்தைப் பிடுங்கினால் உடனே 1930. மறுநாள் பேங்க் திறக்கட்டும் என்று காத்திருந்தால் பணம் போன இடம் தெரியாது. இதையெல்லாம் நான் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தேன். இரண்டு வீட்டில் அந்தத் தாளின் மேல் பூரி எண்ணெய் வடிந்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

கேமரா பற்றிச் சொல்ல வேண்டும். 'மூன்றாவது கண்' என்று நகரமெங்கும் காவல்துறை ஊக்கப்படுத்திய காலத்தில் நாம் நன்கொடை திரட்டி 9 கேமரா வைத்தோம். இன்று வேலை செய்பவை 4. மழையில் போனவை இரண்டு. இன்னும் இரண்டு எப்போது போனதென்று தெரியவில்லை. மீதி ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது; அதற்கு மின்சாரம் தந்துகொண்டிருந்த வீட்டுக்காரர், இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டார். ஒரு கேமரா எவ்வளவு யூனிட் இழுக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் வீட்டில் ஓடும் மூன்று ஏ.சி.யைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

இனி இரவு கேட்.

இதில் என் பெயர் அதிகம் அடிபடுவதால் நடந்ததை வரிசையாகப் பதிவு செய்கிறேன். முந்தைய ஆண்டில் நான்கு டூவீலர்கள் களவு போயின. வண்டியை எடுப்பவனுக்கு உள்ளே வர நான்கு வழி, வெளியே போக நான்கு வழி. இரவு 11 முதல் காலை 5 வரை மூன்று வழிகளை கேட் போட்டு அடைத்தால் ஒரே வாட்ச்மேன் ஒரே வாசலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். செயற்குழு ஆகஸ்டில் ஏற்றது. இப்போது "எங்களுக்குத் தெரியாது" என்பவர்கள் அன்று கையெழுத்திட்ட மினிட்ஸ் புத்தகம் என்னிடம் இருக்கிறது. தெரு மாநகராட்சியுடையது என்பது எனக்கும் தெரியும். வார்டு அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கியிருக்கிறேன். ஆட்சேபம் என்று எழுத்தில் எதுவும் வரவில்லை. அனுமதி என்றும் வரவில்லை. கேட் போட்ட நாளிலிருந்து மார்ச் முடிய, பூந்தொட்டிகள் நீங்கலாக, ஒரு பொருள்கூடக் களவு போகவில்லை.

இதற்கிடையில் செப்டம்பரில் இன்னொன்று நடந்தது. மெயின் ரோட்டுத் தனியார் மருத்துவமனை (பெயர் வேண்டாம், எல்லோருக்கும் தெரியும்) 24 மணி நேர அவசர சிகிச்சையை நிறுத்திவிட்டது. இரவு 9 மணிக்கு மேல் டாக்டர் இல்லை என்று கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வெளியே '24 மணி நேரம்' என்ற போர்டு மட்டும் இன்றும் இரவெல்லாம் எரிகிறது. அரசு நகர்ப்புற நலவாழ்வு மையம் பக்கத்தில் இருக்கிறதே என்று சிலர் சொன்னார்கள். 2023 ஜூனில் ஒரே நாளில் 500 மையங்கள் திறந்தார்களே, அந்த வகை. டாக்டர், நர்ஸ் இருக்கிறார்கள், மருந்து இலவசம், சுகருக்கும் பிரஷருக்கும் நானே அங்குதான் போகிறேன். ஆனால் நேரம் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாடின் மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டமும் 2023லிருந்து இருக்கிறது. ராத்திரி ஒன்றரை மணிக்கு வலி வந்தால் அது நமக்கு எட்டாது. (இதைக் கேட்டு அந்த மாத்திரைகளைக் கடையில் வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு: டாக்டர் சொல்லாமல் விழுங்க வேண்டாம். எல்லா நெஞ்சுவலியும் ஒன்றல்ல, உள்ளே ரத்தக்கசிவு இருந்தால் ஆபத்து.) ஆக, இரவில் நமக்கு மிஞ்சியது 2008லிருந்து இருக்கும் 108 மட்டுமே.

டிசம்பர் 5 நள்ளிரவு தாண்டி, 1.40க்கு, மூன்றாவது தெரு மூத்த உறுப்பினர் வீட்டிலிருந்து 108க்குப் போன் போயிருக்கிறது. வண்டி விரைவாகவே கிளம்பிவிட்டது. பைலட் (108 வண்டி ஓட்டுநர்) வழி கேட்டபோது "பிள்ளையார் கோயில் பக்கம்" என்றார்கள். நம் சுற்றுவட்டாரத்தில் பிள்ளையார் கோயில் மூன்று. "கதவு எண் 14" என்றார்கள். புது எண் 14 ஒரு வீடு, பழைய எண் 14 வேறு வீடு, இரண்டுக்கும் நடுவே ஒரு தெரு நீளம். கடைசியில் வண்டி ஏரிப் பக்க கேட்டுக்கு வந்து நின்றது. பூட்டியிருந்தது.

சாவி மூன்று. ஒன்று வாட்ச்மேனிடம், அவர் எதிர்க்கோடியில் இருந்தார். ஒன்று பொருளாளரிடம், அவர் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருந்தார். மூன்றாவது என்னிடம். என் போன் ஹாலில் சார்ஜில் இருந்தது. சைலண்டில் இருந்தது என்பதும் உண்மை. காலையில் எழுந்து பார்த்தால் 7 மிஸ்டு கால்.

வாட்ச்மேனுக்கு முதல் கால் போனது 1.58. கேட் திறந்தது 2.09. இரண்டையும் அவருடைய போனிலேயே பார்த்தேன். ஆக 11 நிமிடம். இது வாட்ஸ்ஆப் குழுவில் மறுநாள் 20 நிமிடம் ஆனது, பொங்கலுக்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அந்த 11 நிமிடமும் 108 பணியாளர்கள் சும்மா நிற்கவில்லை. பைலட் வண்டியோடு நிற்க, மருத்துவ உதவியாளர் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டின் பக்கவாட்டு இடைவெளியில் நுழைந்து ஓடி, கேட் திறக்குமுன்பே நோயாளியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவர் பெயரைக்கூட நாம் கேட்டுக்கொள்ளவில்லை. சங்கத்தின் நன்றியை இங்கே பதிவு செய்கிறேன்.

அரசு மருத்துவமனையில் வாசலிலேயே நோயாளிகளை அவசரத்தைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். இவரை நேராகச் சிவப்புக்குக் கொண்டுபோனார்கள். சீட்டு போடுவதெல்லாம் அப்புறம். உடன் போன ஐந்து பேரில் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் பணியில் இருந்த டாக்டர் கத்தியால் குத்தப்பட்ட பிறகு அரசு மருத்துவமனைகளில் கெடுபிடி கூடியிருக்கிறது. கூட்டமாகப் போவது நம் பழக்கம். இனி அது நடக்காது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இறையருளால் அந்த உறுப்பினர் ஸ்டென்ட் வைத்து, நலமாக, இதோ இரண்டாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஜனவரியில் அவர் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒரே வரி: "கேட்டை எடுங்கள், இல்லாவிட்டால் செயலாளரை எடுங்கள்." அவர் என் நண்பர். டிசம்பரிலிருந்து அவர் சந்தா கட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

செயற்குழுவில் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் கேட் தப்பியது. தலைவர் அன்று பெங்களூரில் இருந்தார். சாவிக்குப் பதிலாக எண் பூட்டு மாட்டினோம். எண்ணை வாட்ஸ்ஆப் குழுவில் போட்ட மூன்றாம் நாள் இஸ்திரிக்காரர் அதைச் சொல்லித்தான் என்னையே உள்ளே விட்டார். இதுவரை மூன்று முறை எண் மாற்றியாயிற்று. எல்லா வீட்டு வாசலிலும் புது எண், பழைய எண் இரண்டையும் இருட்டில் தெரியும் பெயிண்டில் எழுதும் பணியைத் தொடங்கினேன். 112 வீடு முடிந்தது. மீதி வீட்டுக்காரர்கள் மதில் சுவரின் நிறத்தோடு பொருந்தவில்லை என்கிறார்கள்.

ஜனவரியில் சி.பி.ஆர். (இதயம் நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சி வைத்தோம். நெஞ்சின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும்; இரண்டே நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அதனால்தான் ஆள் மாற்றி ஆள் செய்ய வேண்டும் என்றார் சொல்லிக்கொடுத்த டாக்டர். ஆள் மாற்ற அன்று 14 பேர்தான் இருந்தோம். கோலப் போட்டிக்கு 70 பேர் வந்த அதே மொட்டை மாடி.

மார்ச் 25 காலை தென்சென்னையில் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து நகைப் பறிப்பு நடந்து, இருவர் அன்றே விமான நிலையத்தில் பிடிபட்ட செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்று மாலை குழுவில் ஒருவர் என்னைக் கேட்டார்: "பறிக்கிறவன் காலையில் வருகிறான், உங்கள் கேட் ராத்திரி பூட்டியிருந்து என்ன பயன்?" சரியான கேள்வி. காலை நேரத்துக்குக் கேட் உதவாது. கேமரா உதவும், வாசலில் நிற்கும் இரண்டாவது ஆள் உதவுவார். கேட்ட உறுப்பினரின் சந்தா 2022லிருந்து பாக்கி.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக: வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதல், இடைவெளியை வைப்புநிதி வட்டியும் சில நல்ல உள்ளங்களும் நிரப்பினார்கள். பெயிண்ட் செலவுக்கு ரசீது சில கிடைக்கவில்லை, மழையில் நனைந்துவிட்டன. மாதம் 100 ரூபாய் சந்தாவை முழுதாகக் கட்டியவை 97 வீடுகள். விட்டு விட்டுக் கட்டியவை 40. மீதி 49 வீட்டாரும் வாட்ச்மேன் தூங்குகிறார் என்று மட்டும் தவறாமல் தெரிவிக்கிறார்கள்.

ஆடிட்டர், துணைத் தலைவர், மகளிர் குழுவினர், இந்த இடத்தை இலவசமாகத் தந்தவர், நாற்காலி வாடகையைக் குறைத்துக்கொண்டவர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். ஏரிப் பக்க கேட்டை எடுத்துவிட எனக்கும் சம்மதம், அங்கே இரவில் ஓர் ஆள் உட்கார்ந்தால். 186 வீடும் மாதம் 150 ரூபாய் கொடுத்தால் இரண்டாவது வாட்ச்மேன் சம்பளத்துக்கு அது போதும். முடியாது என்றால் பூட்டு இருக்கும், எண்ணை இஸ்திரிக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். டிசம்பர் 5க்குப் பிறகு நான் போனைத் தலைமாட்டில் முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பண்டிகை வாழ்த்து அனுப்புபவர்கள் இதைக் கவனிக்கவும்.

செயலாளர் பதவிக்கு மனு கொடுக்க நேற்று மாலை 6 மணிவரை நேரம் இருந்தது. நான் மனு கொடுக்கவில்லை. வேறு யாரும் கொடுக்கவில்லை என்று தேர்தல் அலுவலர் சொல்கிறார். அவகாசத்தைக் கூட்டம் முடியும்வரை நீட்டித்திருக்கிறோம்.

இங்ஙனம்,
செயலாளர்

பி.கு.: ரசீதுப் புத்தகம் காபி டம்ளர் அடுக்கியிருக்கும் மேஜையிலேயே இருக்கிறது. ஜி.பே. அட்டையும் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.